கேள்வி–பதில்: ஐரோப்பா எங்கே திரும்பியது?

போன இதழில் ரோமப் பேரரசைப் பற்றி ஒரு வாசகர் கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு என்று நம் பக்கத்திலிருந்தே இடைக்கால ஐரோப்பாவைப் பற்றி இத்தனை கேள்விகள் வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: ஐயா, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 476, 800, 1066, 1215, 1453 என்று ஆண்டுகளை மட்டும் உருப்போடுகிறேன். இதில் எது உண்மையான திருப்புமுனை? ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்? (குடியாத்தம், தேர்வர் ஒருவர்)

ஒன்றே ஒன்று என்றால் உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு ஆண்டைச் சொல்வேன், 1347.

முதலில் உங்கள் பட்டியலைப் பார்த்துவிடுவோம். 476இல் ஓடோசர் என்ற படைத்தலைவர் ரோமுலஸ் அகஸ்டுலஸ் என்ற சின்னப் பையனை அரியணையிலிருந்து இறக்கினார், மேற்கு ரோமப் பேரரசு முடிந்தது என்று படிக்கிறோம். ஆனால் கிழக்கே கான்ஸ்டாண்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) பேரரசர் இருந்துகொண்டேதான் இருந்தார், இத்தாலியில் ஏர் ஓட்டியவனுக்கு மறுநாள் காலையில் எதுவும் மாறியிருக்காது. 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று போப் மூன்றாம் லியோ பிராங்க் இனத்து அரசர் சார்லமேனுக்குப் பேரரசராக முடிசூட்டினார். பெரிய நாள்தான், மறுக்கவில்லை. ஆனால் 43 ஆண்டுகளில், 843இல் வெர்டன் ஒப்பந்தத்தில், பேரன்கள் மூன்று பேரும் அந்த ராஜ்யத்தைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பிற்கால பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் விதை அந்தப் பாகப்பிரிவினையில்தான் விழுந்தது என்பதால், 800ஐ விட 843 முக்கியம் என்று எனக்குத் தோன்றும்.

சரி, 1347க்கு வருவோம். அந்த அக்டோபரில் கருங்கடல் பக்கமிருந்து ஜெனோவா நாட்டுக் கப்பல்கள் சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்துக்கு வந்தன. கப்பலில் வந்தவர்களோடு பிளேக்கும் இறங்கியது. அடுத்த நான்கு வருடத்தில் ஐரோப்பாவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு ஜனங்கள் செத்துப்போனார்கள், பாதிப் பேர் வரைக்கும் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. இந்தக் கணக்கைப் படித்துவிட்டுச் சட்டென்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். இத்தாலியில் சியென்னா என்று ஒரு ஊர். அங்கே ஆக்னோலோ டி துரா என்பவர் அந்தக் காலத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். தன் ஐந்து பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்ததாக எழுதுகிறார். அதே ஊரில் உலகத்திலேயே பெரிய தேவாலயம் கட்ட வேண்டும் என்று விரிவாக்க வேலையைத் தொடங்கியிருந்தார்கள். பிளேக் வந்து அந்த வேலை நின்றது, நின்றதுதான். அரைகுறையாக எழும்பிய சுவர் இன்றும் அப்படியே நிற்கிறது.

இதை ஏன் திருப்புமுனை என்கிறேன் என்றால், சாவுக்கு அப்புறம் நடந்ததை வைத்துத்தான். ஊரில் பாதிப் பேர் இல்லை. நிலம் அப்படியே கிடக்கிறது, உழ ஆள் இல்லை. அதுவரை பண்ணையை விட்டு நகரக்கூடாது என்று கட்டிப் போட்டிருந்த ஆள், இப்போது பக்கத்துப் பண்ணையில் கூலி அதிகம் என்று ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடுகிறான். போன இடத்தில் எங்கிருந்து வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை, அவர்களுக்கும் ஆள் வேண்டும். கூலி ஏறியது. பிரபுக்களுக்குப் பொறுக்கவில்லை. இங்கிலாந்தில் 1349இல் ஒரு கட்டளை, 1351இல் தொழிலாளர் சட்டம் என்று கொண்டுவந்து, பிளேக்குக்கு முந்தைய கூலியைத்தான் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் கேட்கக்கூடாது, வாங்கவும் கூடாது என்றார்கள். அந்தச் சட்டத்தை வாசித்தால் வயிறு எரியும். வைக்கோல் புல் காயவைக்கும் வேலைக்கு நாளுக்கு ஒரு பென்னி. கதிர் அறுப்பவனுக்கு ஆகஸ்ட் முதல் வாரம் இரண்டு பென்னி, இரண்டாம் வாரம் மூன்று. வேலைக்காரர்கள் அவரவர் கருவியை எல்லோரும் பார்க்கிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டு சந்தை ஊருக்கு வர வேண்டும், பொது இடத்தில் வைத்துத்தான் அவர்களைக் கூலிக்கு எடுக்க வேண்டும், ரகசியமாகப் பேரம் பேசக்கூடாது. மீறினால் காலைக் கட்டையில் மாட்டி மூன்று நாளோ அதற்கு மேலோ உட்கார வைப்பது. விடிகாலையில் மண்வெட்டியும் பாண்டுச் சட்டியுமாக ரோட்டோரத்தில் மேஸ்திரிக்காகக் காத்து நிற்பவர்களைத் தினமும் பார்க்கிறோமே, அப்படி நிற்பவர்களைச் சட்டம் போட்டு நிற்க வைத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சட்டம் நிலைக்கவில்லை. ஆள் பற்றாக்குறை சட்டத்தை விடப் பெரியதாக இருந்தது. 1381இல் தலைக்கு ஒரு ஷில்லிங் என்று தலைவரி போட்டபோது கென்ட், எசெக்ஸ் பக்கத்து ஜனங்கள் திரண்டு லண்டனுக்கே போய்விட்டார்கள். வாட் டைலர் முன்னால் நின்றார். ஜான் பால் என்ற பாதிரியார், ஆதாம் மண்ணைக் கொத்தி ஏவாள் நூல் நூற்ற காலத்தில் பிரபு என்று எவன் இருந்தான் என்று கேட்டதாகச் சொல்வார்கள். தறிச்சத்தம் கேட்கிற குடியாத்தத்தில் இருந்துகொண்டு அதன் அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை. கிளர்ச்சியை அடக்கிவிட்டார்கள், வாட் டைலரை ராஜாவின் கண்ணெதிரிலேயே வெட்டிச் சாய்த்தார்கள். ஆனால் பண்ணையடிமை முறை அடுத்த நூறு வருடத்தில் இங்கிலாந்தில் மெல்ல மெல்லத் தேய்ந்து போனது.

இதில் ஒரு எச்சரிக்கை. கொள்ளைநோய் வந்தால் ஏழைக்கு விடிவு என்று இதை ஒரு விதியாக எழுதிவிடாதீர்கள். போலந்து, ரஷ்யா பக்கம் அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் பண்ணையடிமைத்தனம் இன்னும் இறுகியது. அப்புறம் இன்னொன்று, கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று பழி போட்டு 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்கில் நூற்றுக்கணக்கான யூதர்களை உயிரோடு எரித்தார்கள். அப்போது அந்த ஊருக்குப் பிளேக் வந்து சேரவே இல்லை. யூதர்களும்தானே இந்த நோயில் சாகிறார்கள், அவர்கள் எப்படிக் காரணமாவார்கள் என்று போப் ஆறாம் கிளமென்ட் அதற்கு முந்தைய வருடமே எழுதி அனுப்பியிருந்தார். யாரும் கேட்கவில்லை. 1347ஐப் பற்றி எழுதும்போது கூலி ஏறியதோடு இதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: நாற்பது வருடம் டேனரியில் வேலை பார்த்தவன் நான். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் தோலில்தான் எழுதினார்கள் என்று பேத்தி பாடப்புத்தகத்தைக் காட்டினாள். தோலில் எப்படி எழுத முடியும்? பதனிட்ட தோலா? (ஆம்பூர், ஓய்வுபெற்ற தொழிலாளி)

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இதற்கு என்னை விட நீங்களே நன்றாகப் பதில் சொல்வீர்கள், பாதி வேலை உங்கள் கை பழகியதுதான்.

ஆட்டுத் தோலையோ கன்றுத் தோலையோ தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அப்புறம் சுண்ணாம்புக் குழி. முடி கழன்றதும் உள்பக்க ஜவ்வைச் சீவி எடுப்பது. இதுவரைக்கும் உங்கள் டேனரி மாதிரியேதான். இதற்குப் பிறகு நீங்கள் ஆவாரம்பட்டைக்கும் கடுக்காய்க்கும் போவீர்கள், அவர்கள் போகமாட்டார்கள். தோலை ஒரு மரச் சட்டத்தில் நாலாபக்கமும் கயிறு கட்டி இழுத்து நிறுத்துவார்கள். கயிறு தோலை அறுத்துவிடாமல் இருக்க ஓரத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்து மடித்து, அந்த முண்டின் மேல் முடிச்சுப் போடுவார்கள். பிறைநிலா வடிவத்தில் ஒரு கத்தி, அதனால் சுரண்டச் சுரண்டத் தோல் காய்ந்துகொண்டே வரும், காயக் காயக் கயிற்றை முறுக்கிக்கொண்டே இருப்பார்கள். பட்டை போட்டுப் பதனிட்டிருந்தால் அது மெத்தென்று செருப்புத் தோலாகியிருக்கும்; பதனிடாமல் இழுத்துக் காயவைத்ததால் நார்கள் எல்லாம் படுத்து, விறைப்பாக, வெள்ளையாக, எழுதுகிற தாள் மாதிரி ஆகிவிடுகிறது. அதுதான் தோல்தாள்.

எழுதிய மையும் உங்கள் தொழிலோடு ஒட்டியதுதான். பட்டை போட்ட ஈரத் தோல் மேல் இரும்பு பட்டால் கறுப்பாகக் கறை பிடித்துவிடும் என்று டேனரியில் எத்தனை முறை திட்டு வாங்கியிருப்பீர்களோ, எனக்குத் தெரியாது. அந்தக் கறைதான் மை! ஓக் மரத்தில் ஒருவகைப் பூச்சி முட்டையிட்ட இடத்தில் உருண்டையாக ஒரு காய் மாதிரி வீங்கும், அதில் துவர்ப்பு அதிகம். அதை நசுக்கி ஊறவைத்து, அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து, கொஞ்சம் பிசின் கலப்பார்கள். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து தோலுக்குள் கடித்துக்கொண்டு கறுக்கும். சுரண்டினால் ஒழியப் போகாது.

1086இல் இங்கிலாந்தின் நிலம், மாடு, ஆலை எல்லாவற்றையும் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே பதிவேடு ஆட்டுத்தோலில் எழுதியது. அடுத்த பதிலில் வரும் மாக்னா கார்ட்டாவும் தோலில் எழுதியதுதான். இன்றும் படிக்க முடிகிறது.

இந்தத் தோலை ஓரங்கட்டியது காகிதம். சீனாவில் பிறந்து அரபு நாடுகள் வழியாக ஸ்பெயினுக்கும் பிறகு இத்தாலிக்கும் போனது. 13ஆம் நூற்றாண்டில் ஃபாப்ரியானோ என்ற இத்தாலிய ஊர் காகிதத்துக்குப் பேர்போனது. கந்தல் துணியைத் தண்ணீரில் இடித்துக் கூழாக்கிச் செய்வார்கள். 1455 வாக்கில் மைன்ஸ் நகரத்தில் குட்டன்பர்க் பைபிளை அச்சடித்தபோது சுமார் 180 பிரதிகள் போட்டார், பெரும்பாலானவை காகிதம், கொஞ்சம் பிரதிகள் கன்றுத் தோல். தோல் பிரதி ஒன்றுக்கே நூற்றுக்கும் மேல் கன்றுகள் வேண்டியிருக்கும். அச்சு இயந்திரத்தை மட்டும் திருப்புமுனை என்று எழுதுகிறார்கள், அது எனக்குக் குறையாகத்தான் படுகிறது. மலிவான காகிதம் இருநூறு வருடம் முன்னால் வந்து காத்திருந்ததால்தான் அச்சு ஓடியது. தோலை மட்டும் நம்பியிருந்தால் புத்தகம் அரண்மனையையும் மடத்தையும் விட்டு வெளியே வந்திருக்காது.

கேள்வி: மாக்னா கார்ட்டாதான் ஜனநாயகத்தின் தொடக்கம் என்கிறார்களே, சாதாரண ஜனங்களுக்கு அதனால் ஏதாவது கிடைத்ததா? (காட்பாடி, சட்ட மாணவி)

அன்றைக்குக் கிடைத்தது மிகக் குறைவு, அம்மா. 1215 ஜூன் 15 அன்று தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் புல்வெளியில் இங்கிலாந்தின் ஜான் மன்னன் இந்த உரிமைச் சாசனத்துக்கு முத்திரை வைத்துக் கொடுத்தான். கையெழுத்துப் போட்டான் என்று எழுதுவது தவறு. அதன் 39ஆவது பிரிவு, எந்தச் சுதந்திர மனிதனையும் நாட்டுச் சட்டப்படியோ அவனுக்குச் சமமானவர்களின் தீர்ப்புப்படியோ அல்லாமல் பிடித்துச் சிறையில் போடக்கூடாது என்கிறது. அந்தச் ‘சுதந்திர மனிதன்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கிராமத்தில் பெரும்பகுதி ஜனங்கள் பண்ணையாட்கள், அவர்கள் அதில் சேரமாட்டார்கள். போதாக்குறைக்கு, அந்த ஆகஸ்டிலேயே போப் மூன்றாம் இன்னசென்ட் அது செல்லாது என்று அறிவித்துவிட்டார். அடுத்த வருடம் ஜான் செத்ததும் அவன் மகன் பெயரால் திரும்ப வெளியிட்டார்கள், 1217இல் ஒருமுறை, 1225இல் ஒருமுறை. இப்படித் திரும்பத் திரும்ப எழுதியதில்தான் அதன் உயிர் தங்கியது. அரசனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்ற ஒரு நினைப்பு ஆழமாக வேர் பிடித்தது. நம் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவை எடுத்து இந்த 39ஆவது பிரிவின் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். அங்கே ‘சுதந்திர மனிதன்’, இங்கே ‘எந்த நபரும்’. அந்த ஒரு வார்த்தை மாறுவதற்கு எழுநூறு வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது.

கேள்வி: சிலுவைப் போர்களால்தான் அரபு மக்களின் அறிவு ஐரோப்பாவுக்குப் போனது என்பது சரியா? (வாணியம்பாடி, ஆசிரியர்)

போரில் போனதை விட மொழிபெயர்ப்பில் போனதுதான் அதிகம். சிலுவைப் படை 1099இல் ஜெருசலேமைப் பிடித்தது, 1187இல் எகிப்து, சிரியாவை ஆண்ட சுல்தான் சலாவுதீன் மீட்டார், 1291இல் அக்ரா நகரமும் கைவிட்டுப் போனது. இடையில் 1204இல் அந்தப் படையே தன் மதத்தவர்களின் கான்ஸ்டாண்டினோபிளைக் கொள்ளையடித்தது. புத்தகங்கள் போன வழி வேறு, ஸ்பெயினும் சிசிலியும். டொலேடோ நகரம் 1085இல் கிறிஸ்தவ அரசர் கைக்கு வந்தது. அரபுப் புத்தகங்கள் அங்கேயே இருந்தன, அரபு தெரிந்த முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். இத்தாலியிலிருந்து கிரெமோனா ஊர் ஜெரார்டு, பழைய கிரேக்க அறிஞர் தாலமியின் வானியல் நூலைத் தேடி அங்கே போனவர், ஊருக்குத் திரும்பாமல் எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை லத்தீனில் பெயர்த்துவிட்டு அங்கேயே இறந்தார். இப்னு சீனாவின் மருத்துவ நூலையும் அவர்தான் பெயர்த்தார். ஐரோப்பிய மருத்துவக் கல்விக்கூடங்களில் அதைப் பல நூறு வருடம் பாடமாக வைத்திருந்தார்கள்.

கணக்குக்கு வருவோம். பைசா நகரத்து லியோனார்டோ, அதாவது ஃபிபனாச்சி, வட ஆப்பிரிக்காவில் புகியா துறைமுகத்தில் இருந்த தன் தகப்பனாரிடம் போய் அங்கே இந்திய எண்களைக் கற்றார். 1202இல் அதைப் பற்றி ஒரு கணக்கு நூல் எழுதினார், முதல் வரியிலேயே இவை இந்தியர்களின் ஒன்பது எண்கள் என்று சொல்லிவிடுகிறார், ஒளிக்கவில்லை. இருந்தும் 1299இல் ஃபிளாரன்ஸ் நகரத்து நாணயம் மாற்றுவோர் சங்கம், கணக்குப் பேரேட்டில் இந்த எண்களைப் போடக்கூடாது என்று தடை போட்டது. புதுசைக் கண்டால் வரும் பயம்தான். ‘சூன்யம்’ அரபியில் ‘சிஃப்ர்’ ஆனது, அது லத்தீன் வழியாக ‘ஜீரோ’ ஆனது. நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் ‘சைபர்’ என்கிறார்களே, அது அந்த அரபு வார்த்தையேதான். இங்கிருந்து போய் ஒரு சுற்றுச் சுற்றி இங்கேயே வந்திருக்கிறது.

கேள்வி: 1066க்கு இவ்வளவு மரியாதை ஏன்? (ராணிப்பேட்டை, வாசகி)

நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம், ஹேஸ்டிங்ஸ் சண்டையில் இங்கிலாந்து மன்னன் ஹரால்டை வென்று இங்கிலாந்தைப் பிடித்தார், ஆளும் வர்க்கம் பிரெஞ்சு பேச ஆரம்பித்தது. ஆட்டை மேய்த்தவன் ‘ஷீப்’ என்றான், மேஜையில் உட்கார்ந்து தின்றவன் ‘மட்டன்’ என்றான். ஆம்பூர் பிரியாணிக் கடைப் பலகையில் நாம் படிக்கிற ‘மட்டன்’ அந்தப் பிரெஞ்சு வார்த்தைதான்.

கேள்வி: வேலூர்க் கோட்டையைச் சுற்றி நடக்கும்போதெல்லாம் நினைப்பேன், இவ்வளவு பலமான மதில் இருந்தும் கான்ஸ்டாண்டினோபிள் எப்படி விழுந்தது? அது விழுந்ததால்தான் வாஸ்கோ ட காமா இங்கே வந்தார் என்பது உண்மையா? (வேலூர், காலை நடைக்காரர்)

அந்த ஊருக்குத் தரைப்பக்கம் மூன்று அடுக்குக் காவல். முதலில் அகழி, அப்புறம் வெளிமதில், அப்புறம் உயரமான உள்மதில். ஐந்தாம் நூற்றாண்டில் கட்டியது, சுமார் ஆயிரம் வருடம் அந்தப் பக்கத்திலிருந்து யாராலும் உடைத்துக்கொண்டு உள்ளே போக முடியவில்லை. 1452இல் ஓர்பான் என்ற ஹங்கேரி நாட்டு வார்ப்புக்காரர் முதலில் பைசாண்டிய (அதாவது கிழக்கு ரோம) பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைனிடம்தான் பீரங்கி செய்து தருகிறேன் என்று வந்தார். கஜானா காலி, கேட்ட பணத்தைக் கொடுக்க முடியவில்லை. அவர் 20 வயது துருக்கிய சுல்தான் இரண்டாம் மெஹ்மதிடம் போனார், சுல்தான் வாரிக் கொடுத்தார். 1453 ஏப்ரலில் முற்றுகை தொடங்கியது. ஊரை ஒட்டிய வளைகுடாவின் வாயில் பெரிய சங்கிலி கட்டிக் கப்பலைத் தடுத்திருந்தார்கள். மெஹ்மத் மரத்தடிகளைப் போட்டுக் கொழுப்புத் தடவி, சுமார் எழுபது கப்பல்களை மேட்டு நிலத்தின் மேலேயே இழுத்துக் கொண்டுபோய் உள்ளே இறக்கினார். உள்ளே காக்க இருந்தவர்கள் ஏழாயிரம் பேர் இருப்பார்கள். இரவெல்லாம் உடைந்த மதிலை மண் பீப்பாயும் மரமும் வைத்து அடைத்துக்கொண்டே இருந்தார்கள். மே 29 அன்று எல்லாம் முடிந்தது, பேரரசரும் சண்டையில் இறந்தார்.

நம் கோட்டை பதினாறாம் நூற்றாண்டு, பீரங்கி வந்த பிறகு கட்டியது. ஆனாலும் எந்தக் கோட்டைக்கும் பலவீனமான இடம் கதவுதான். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் உள்ளேயிருந்து கோட்டையைப் பிடித்தபோது, ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படையோடு குதிரை இழுத்த சின்னப் பீரங்கிகளும் வந்தன, அவைதான் கதவைப் பிளந்தன. நீங்கள் நடக்கிற அதே வழி.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, பாடப்புத்தகத்தில் படித்தது பாதிதான் சரி. துருக்கியர் கான்ஸ்டாண்டினோபிளைப் பிடித்து வழியை அடைத்ததால்தான் கடல்வழி தேடினார்கள் என்றால், போர்த்துகீசியர் 1415லேயே வட ஆப்பிரிக்காவில் சியூட்டாவைப் பிடித்ததும், 1434இல் பொஜாடோர் முனையைத் தாண்டியதும் எப்படி? 1453க்கு அப்புறமும் வெனிஸ் வணிகர்கள் அலெக்சாண்ட்ரியாவில் மிளகு வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். எகிப்து அப்போது மம்லூக் சுல்தான்கள் கையில், துருக்கியர் கைக்குப் போனது 1517இல்தான். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததற்குக் காரணம் தேட வேண்டுமானால், வெனிஸ்காரர்கள் அந்த மிளகில் அடித்த லாபத்தைப் பாருங்கள். அதில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று போர்த்துகல் தலைநகர் லிஸ்பன் ஆசைப்பட்டது.

கேள்வி: ‘குவாரன்டைன்’ என்ற வார்த்தையும் இடைக்காலத்ததா? (வேலூர், மருத்துவமனைச் செவிலியர்)

ஆமாம், பிளேக் கொடுத்த வார்த்தை. இன்றைய துப்ரோவ்னிக், அன்றைய ரகுசா துறைமுகம், 1377இல் நோய் உள்ள ஊரிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் வெளியே தங்கிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று விதித்தது. பிறகு அது 40 நாளானது. வெனிஸ்காரர்கள் பேச்சில் நாற்பது ‘குவாரன்டா’, அதிலிருந்து வந்தது. 1423இல் வெனிஸ் பிளேக் நோயாளிகளுக்கென்றே ஒரு தீவைத் தனியாக ஒதுக்கி மருத்துவமனை கட்டியது. எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் நோயைப் பரப்புகின்றன என்று அப்போது யாருக்கும் தெரியாது. யெர்சின் அந்தக் கிருமியை ஹாங்காங்கில் கண்டுபிடித்தது 1894இல். காரணம் தெரியாமலேயே, ஆளை ஆளிடமிருந்து பிரித்து வைத்தால் நோய் குறைகிறது என்று ஐந்நூறு வருடம் முன்னாலேயே பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.